கருப்பையை அகற்றிய பிறகும் விடாத ஒற்றைத் தலைவலி: ஹார்மோன் மருந்தை நிறுத்தியது சரியா?

சிங்கப்பூரின் வடகிழக்கு வட்டாரத்தில் வசிக்கும் 44 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அவர், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நாள் முழுவதும் கணினித் திரை முன் வேலை பார்க்கிறார். பத்தொன்பது வயதிலிருந்து மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் அவருக்கு ஒற்றைத் தலைவலி வந்துகொண்டிருந்தது. ஃபைப்ராய்டு கட்டிகளும், கருப்பையின் உட்சுவர்த் திசு அதன் தசைக்குள் வளரும் அடினோமயோசிஸும் ஏற்படுத்திய கடும் இரத்தப்போக்கினால் எட்டு மாதங்களுக்கு முன்பு அவருடைய கருப்பையும் இரண்டு சினைப்பைகளும் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டன. மாதவிடாயோடு தலைவலியும் போய்விடும் என்று நம்பியிருந்தவருக்கு அது இன்னும் அதிகமாகிவிட்டது. இரவில் திடீரென உடலெங்கும் வெப்பம் பரவி வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் கலைகிறது. மருத்துவர், சினைப்பைகள் சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். அதை நினைவு வந்தபோதெல்லாம் சாப்பிட்டு, மறந்த நாள்களில் விட்டுவிட்டு, மூன்றரை மாதங்கள் ஓட்டியிருக்கிறார். பிறகு ஒருநாள், கண்ணில் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தெரிந்து தலைவலி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தொடவே கூடாது என்று தோழி ஒருவர் சொன்னார்; ஹார்மோன் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று திருச்சியிலிருந்து நாத்தனாரும் எச்சரித்தார். அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த மூன்று நாள்கள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை.

கடந்த மாதத்தில் 18 நாள்கள் தலைவலி. வலி வந்த நாள்களிலும் வரும்போல் இருந்த நாள்களிலுமாக 20 நாள்கள் காஃபின் கலந்த பாரசிட்டமாலும், இடையிடையே மெஃபனாமிக் அமிலம் என்னும் வலி மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். இது வெறும் மன இறுக்கம் என்கிறார் கணவர்; உடம்புச் சூடு என்கிறார் மாமியார். 'சினைப்பைகளை எடுக்கச் சம்மதித்தது என் தவறா? ஹார்மோனை மீண்டும் தொடங்கலாமா? இந்த வலி எப்போது தீரும்?' என்பவை அவருடைய கேள்விகள். இன்னும் பத்து வாரங்களில் திருச்சியில் நடக்கவிருக்கும் அண்ணன் மகளின் திருமணத்துக்குப் போக முடியுமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு செய்தி. இரண்டு முறை கருவுற்றிருந்தபோதும் நான்காம் மாதத்துக்குப் பிறகு தலைவலியே வரவில்லை என்றும், இரண்டு பிரசவங்களுக்குப் பின்னும் முதல் வாரத்திலேயே அது திரும்பிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு மேல் விடை அதிலேயே இருக்கிறது. மீதியை விளக்கச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலி என்பது மூளையையும் நரம்புகளையும் சார்ந்த ஒரு நோய். மன இறுக்கம் அதைத் தூண்டக்கூடும். ஆனால் மன இறுக்கமே அந்த நோய் ஆகாது.

கருப்பை போன பிறகும் வலி ஏன் போகவில்லை?

மாதவிடாயை ஒட்டித் தலைவலி வந்ததால் கருப்பைதான் அதற்குக் காரணம் என்று நீங்கள் எண்ணியதில் வியப்பில்லை. என்னிடம் வரும் பெண்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் ஒற்றைத் தலைவலிக்குக் கருப்பை முக்கியக் காரணம் அன்று. மாதவிடாய் தொடங்குவதற்கு முந்தைய நாள்களில், அதுவரை உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன் அளவு சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம்தான் உங்கள் மூளையிலுள்ள வலி நரம்புகளைத் தூண்டியது. கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு உயர்ந்து, கடைசிவரை உயர்ந்த நிலையிலேயே இருக்கும். அப்போது உங்களுக்கு வலி இல்லை. பிரசவம் முடிந்ததும் அது ஒரேயடியாக இறங்கும், வலி திரும்பிவிட்டது. ஆகவே உங்கள் உடலுக்கு ஈஸ்ட்ரோஜன் பகை இல்லை. அது ஏறி இறங்குவதைத்தான் உங்கள் மூளையால் தாங்க முடியவில்லை.

இதே கண்ணோட்டத்தில் கடந்த எட்டு மாதங்களைப் பார்ப்போம். இயற்கையாக மாதவிடாய் நிற்கும்போது சினைப்பைகள் பல ஆண்டுகளாகத் தள்ளாடித் தள்ளாடித்தான் ஓய்கின்றன. அந்த ஆண்டுகளில் தலைவலி அதிகமாகலாம்; எல்லாம் அடங்கிய பிறகு பலருக்குக் குறைந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு 52 வயதுக்குப் பிறகு தலைவலி வரவில்லை என்று எழுதியிருப்பது இந்த வகை. உங்களுக்கு நடந்தது வேறு. பல ஆண்டுகளில் படிப்படியாக நடக்க வேண்டிய இறக்கம், அறுவை சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள்களிலேயே நடந்து முடிந்துவிட்டது. இப்படி அறுவை சிகிச்சையால் மாதவிடாய் நின்ற பெண்களில் பலருக்கு, ஏற்கெனவே இருந்த ஒற்றைத் தலைவலி மோசமாவது மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அறுவை சிகிச்சைக்கு முன்பே இதை உங்களிடம் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப்படவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அதன் பிறகு மாத்திரையைத் தொடங்கினீர்கள். ஆனால் ஒரு நாள் சாப்பிட்டு, இரண்டு நாள் விட்டீர்கள். மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜனின் அளவு ஒரே நாளுக்குள்கூட ஏறி இறங்கும். மறந்த நாள்களில் இன்னும் ஆழமாக இறங்கும். மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த இறக்கம், இப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தது. கடைசியில் மொத்தமாக நிறுத்தியபோது வந்த அந்த மூன்று நாள் வலியும் இதன் தொடர்ச்சியே. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இந்த மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்று உங்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

சினைப்பைகளை எடுக்கச் சம்மதித்தது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவு சரியா, தவறா என்று கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நான் சொல்வது நியாயமாகாது. சினைப்பையில் கட்டி இருந்ததா, கருப்பையின் உட்சுவர்த் திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பரவியிருந்ததா, குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் உண்டா என்பவற்றைப் பொறுத்து அது அமையும். அறுவை சிகிச்சைக் குறிப்பையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் மருத்துவமனையிடம் கேட்டு வாங்குங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவற்றில் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும்: சினைப்பைகளை எடுத்ததற்கு எழுதப்பட்டுள்ள காரணம், கருப்பை வாய் எடுக்கப்பட்டதா விடப்பட்டதா, எண்டோமெட்ரியோசிஸ் எங்கேனும் எஞ்சியிருந்ததா. பின்னவை இரண்டும் இனிமேல் எடுக்கப்போகும் ஹார்மோன் முடிவுக்கு நேரடியாகத் தேவைப்படும்.

ஒளிக்கோடுகள் தெரிந்தால் ஈஸ்ட்ரோஜன் கூடாதா?

வாழ்நாளில் நான்கைந்து முறை, தலைவலிக்கு முன் இருபது நிமிடம்போல் கண்ணில் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தெரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர்கள் இதை 'ஆரா' என்பார்கள். தோழி சொன்னது முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன்; அது வேறொரு மருந்துக்குப் பொருந்தும். ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. ஆராவோடு வரும் ஒற்றைத் தலைவலி மூளைப் பக்கவாத அபாயத்தை ஏற்கெனவே சிறிதளவு கூட்டுகிறது. கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் உள்ள எத்தினில் ஈஸ்ட்ரடயோல் என்னும் வீரியமிக்க செயற்கை ஈஸ்ட்ரோஜன் அதை மேலும் கூட்டும்.

மாதவிடாய் நின்ற பிறகு கொடுக்கப்படும் ஹார்மோன் சிகிச்சையில் பயன்படுவது பெரும்பாலும் ஈஸ்ட்ரடயோல். சினைப்பை சுரந்த அதே பொருள் இது. இதன் வீரியம் கருத்தடை மாத்திரையைவிட மிகக் குறைவு. எனவே ஆரா இருப்பது மட்டுமே இந்தச் சிகிச்சைக்குத் தடையாகாது. ஆனால் அது எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பது முக்கியம். விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய், இரத்தம் உறையும் தன்மையைச் சற்றே கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பேட்ச், தோலில் தடவும் ஜெல் ஆகியவற்றின் வழியாக வழக்கமான அளவில் எடுத்துக்கொள்ளும்போது அந்த அபாயம் கூடுவதாக ஆய்வுகளில் காணப்படவில்லை. அவற்றால் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவும் ஏறக்குறைய ஒரே சீராக நிற்கும். உங்களைப் போன்றவர்களுக்கு மாத்திரையைவிடத் தோல்வழி மருந்தே ஏற்றது என்று நான் கருதுவதற்கு இவ்விரண்டும் காரணம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அளவு அதிகமானால் சிலருக்கு ஆரா கூடும். பேட்ச் தொடங்கிய பிறகு ஒளிக்கோடுகள் அடிக்கடி வந்தால், அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். முதன்முறையாகக் கை மரத்துப்போதல், பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கம் கைகால் தளர்ந்துபோதல், வாய் கோணுதல், வாழ்நாளில் இதுவரை காணாத கடும் வலி இடி விழுந்ததுபோல் நொடியில் தாக்குதல், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல் ஆகியவை வந்தால் எந்த மாத்திரைக்காகவும் காத்திராமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

புற்றுநோய் பயம்

உங்கள் நாத்தனார் உங்கள்மீது கொண்ட அக்கறையால்தான் எச்சரித்திருக்கிறார். அந்த அச்சம் பெருமளவு 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த செய்தியால் பரவியது. மகளிர் நலத்துக்கான மிகப் பெரிய ஆய்வு ஒன்றில், ஈஸ்ட்ரோஜனும், செயற்கைப் புரொஜெஸ்டோஜன் என்னும் இன்னொரு ஹார்மோனும் சேர்த்து எடுத்துக்கொண்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்பட்டதால் அந்தப் பிரிவு இடையிலேயே நிறுத்தப்பட்டது. செய்தித்தாள்கள் அதை ஹார்மோன் சிகிச்சை முழுவதற்கும் பொதுவாக எழுதின. பெண்கள் அதை விட்டு ஒதுங்கினார்கள்.

அதே ஆய்வில் கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்கள் கொண்ட இன்னொரு பிரிவும் இருந்தது. உங்களைப் போலவே கருப்பை இல்லாததால், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் கூடவில்லை; நீண்டகாலத் தொடர் கண்காணிப்பில் குறைவாகவே காணப்பட்டது. இந்தப் பிரிவும் 2004இல் நிறுத்தப்பட்டது உண்மை. அதற்குக் காரணம் மூளைப் பக்கவாதம்: ஆண்டுக்கு 10,000 பெண்களில் ஏறத்தாழ 12 பேருக்குக் கூடுதலாக ஏற்பட்டது. அவர்கள் 50 முதல் 79 வயது வரையிலானவர்கள், சராசரி வயது அறுபதைத் தாண்டியது, எடுத்துக்கொண்டது விழுங்கும் மாத்திரை. 44 வயதில் தோல்வழி மருந்து எடுக்கும் உங்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

புரொஜெஸ்டோஜன் தேவைப்படுவது கருப்பையின் உட்சுவரைக் காக்கத்தான். கருப்பை இல்லாதவர்களுக்கு வழக்கமாக அது தேவையில்லை. எண்டோமெட்ரியோசிஸ் எஞ்சியிருந்தாலோ, கருப்பை வாயோடு உட்சுவரின் சிறு பகுதி விடப்பட்டிருந்தாலோ மருத்துவர் அதைச் சேர்க்கச் சொல்லலாம். அறிக்கைகளைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

உங்கள் சித்திக்கு 61 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது ஒன்றே உங்களுக்குத் தடையாகாது. உங்களுக்கே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது பக்கவாதம், மாரடைப்பு, இரத்தக் கட்டி, தீவிரக் கல்லீரல் நோய் இருந்தால் நான் வேறுவிதமாக எழுதியிருப்பேன். நாற்பது வயதைக் கடந்த நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்; ஐம்பதுக்குப் பிறகு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பெண்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இது.

எல்லோரும் ஹார்மோன் எடுத்தால் என்ன ஆகும் என்றே உங்களிடம் பேசியிருக்கிறார்கள். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. 44 வயதில் ஈஸ்ட்ரோஜன் முற்றிலும் இல்லாமல் வாழ்வது, ஒன்றும் செய்யாமல் இருக்கும் பாதுகாப்பான நிலையாகத் தோன்றலாம்; அப்படியில்லை. எலும்பு விரைவாக மெலியும். இதய நோய் முன்கூட்டியே வரும் வாய்ப்பு கூடும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவும் இதய நோயும் ஏற்கெனவே அதிகம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதனால்தான் நாற்பத்தைந்து வயதுக்குள் சினைப்பைகளை இழந்தவர்கள், வேறு தடை இல்லையென்றால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதான ஐம்பது, ஐம்பத்தொன்று வரையிலாவது ஹார்மோன் எடுப்பது நல்லது என்று பரிந்துரைக்கப்படுகிறது. தலைவலிக்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தலைவலி மாத்திரையே தலைவலியாவது

நீங்கள் எழுதியவற்றில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது ஹார்மோன் அன்று. அந்த 20 நாள்கள். "பாரசிட்டமால்தானே, குழந்தைகளுக்கே கொடுக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அளவோடு எடுத்தால் அது பாதுகாப்பான மருந்துதான். ஆனால் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வலி மாத்திரைகளை அடிக்கடி எடுத்தால், அந்த மாத்திரைகளே தலைவலியைத் தொடரச் செய்கின்றன. தனி பாரசிட்டமால், மெஃபனாமிக் அமிலம் போன்றவற்றை மாதத்தில் 15 நாள்கள் அல்லது அதற்கு மேலும், காஃபின் அல்லது கோடீன் கலந்தவற்றையும் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகளையும் 10 நாள்கள் அல்லது அதற்கு மேலும், மூன்று மாதங்களுக்கு மேல் எடுப்பவர்களுக்கு இது வரக்கூடும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே கணக்கு. காலையில் எழும்போதே தலை கனத்திருப்பதும், மாத்திரை போட்டால் நான்கு மணி நேரம் அடங்கி மீண்டும் தொடங்குவதும் இதற்குரிய அடையாளங்கள். இரண்டும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. காலையில் கோப்பி, பிற்பகலில் இரண்டு தேநீர், அவற்றோடு காஃபின் கலந்த மாத்திரை என்று கூட்டிப் பாருங்கள். காஃபின் குறையும்போதும் தலை வலிக்கும்.

மெஃபனாமிக் அமிலத்தை இப்படித் தொடர்ந்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம், இரத்த அழுத்தமும் ஏறலாம். உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை. அடுத்த முறை எந்த மருந்தகத்துக்குப் போனாலும் முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பிரச்சினை தீராமல் பேட்சை ஒட்டினாலும், "ஹார்மோனும் பயன் தரவில்லை" என்றுதான் முடிவுக்கு வருவீர்கள். வலி மாத்திரைகளை மட்டும் நிறுத்திவிட்டு ஹார்மோனைச் சீராக்காமல் விட்டாலும் அதே கதைதான். இரண்டையும் சேர்த்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது?

உங்கள் இடத்தில் என்னிடம் ஒருவர் நேரில் வந்தால் நான் செய்யக்கூடியதை எழுதுகிறேன்; உங்கள் மருத்துவர் உங்களைப் பரிசோதித்து இதை மாற்றலாம். முதலில், ஈஸ்ட்ரடயோல் பேட்சைக் குறைந்த அளவில், 25 அல்லது 50 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தேவைக்கேற்ப உயர்த்துவேன். இளம் வயதில் சினைப்பைகளை இழந்தவர்களுக்குப் பின்னர் கூடுதல் அளவு தேவைப்படலாம். ஆனால் அவசரப்பட்டு உயர்த்தினால் மூளை அதையும் ஓர் ஏற்றமாகவே எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு இருமுறை மாற்றும் பேட்ச் என்றால், மாற்றும் நாள்களைக் குறித்துக்கொண்டு ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். நமது வெக்கையிலும் வியர்வையிலும் பேட்ச் கழன்றுவிடுவதுண்டு. குளித்து, நன்றாகத் துடைத்து, உடல் குளிர்ந்த பிறகு, இடுப்புக்குக் கீழே, எண்ணெயோ பவுடரோ படாத இடத்தில் ஒட்டி, உள்ளங்கையால் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். மார்பில் ஒட்டக் கூடாது. அப்படியும் நிற்கவில்லையென்றால் தினமும் ஒரே நேரத்தில் தடவும் ஜெல்லுக்கு மாறலாம். தடவிய இடம் காய்ந்து, ஒரு மணி நேரமாவது ஆகும்வரை பிள்ளைகளின் தோல் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் சொல்லும் எண்ணெய்க் குளியலை நீங்கள் விட வேண்டியதில்லை. பேட்ச் மாற்றும் நாளில், பழையதை எடுத்துவிட்டுக் குளித்து, எண்ணெய்ப் பசை முழுவதும் போன பிறகு புதியதை ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இரவில் வரும் அந்த வெப்பம் உடம்புச் சூட்டால் வருவதில்லை; ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது என்பதை அவருக்கு அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

அதனுடன் சேர்த்து, தலைவலி வராமல் தடுக்கும் மருந்து ஒன்றும் உங்களுக்குத் தேவை என்று நினைக்கிறேன். மாதம் 18 நாள்கள் என்பது அதற்குரிய எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. தூக்கம் கெடுபவர்களுக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், ஆஸ்துமா இல்லாதவர்களுக்குப் புரொப்ரனலால், இரத்த அழுத்தமும் இருந்தால் கேண்டசார்டன் எனப் பல உண்டு. வென்லஃபாக்சின் என்னும் மருந்து தலைவலியையும் திடீர் வெப்பத்தையும் சேர்த்துக் குறைக்கக்கூடியது. ஏதாவது காரணத்தால் ஹார்மோன் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. இவற்றில் சில மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. மருந்துத் தாளில் அதைப் படித்துவிட்டு, 'எனக்குப் பைத்தியம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள்' என்று வருந்த வேண்டாம். எந்தத் தடுப்பு மருந்தையும் ஆறிலிருந்து எட்டு வாரம் எடுத்துப் பார்க்காமல் கைவிடாதீர்கள். இவை பலனளிக்காவிட்டால், சிஜிஆர்பி என்னும் வலிக்கடத்திப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளை நரம்பியல் நிபுணர் பரிந்துரைக்கலாம். விலை அதிகம், ஆனால் சிலருக்கு நல்ல பலன் தருகின்றன.

இரண்டு மூன்று வாரங்கள் கழித்து ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வலி மாத்திரைகளை நிறுத்துங்கள். முதல் ஒன்றிரண்டு வாரங்கள் வலி கூடும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் வராது. அந்த நாள்களைத் தாண்ட இடைக்கால மருந்து தர முடியும். அதன் பிறகு, கடும் வலி வரும் நாளில் மட்டும் சுமட்ரிப்டான் போன்ற டிரிப்டான் ஒன்றைப் பயன்படுத்தலாம். ஒளிக்கோடுகள் தெரியும்போது வேண்டாம்; தலைவலி தொடங்கியவுடன் எடுக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது. இதய நோயோ, கட்டுப்படாத இரத்த அழுத்தமோ, பக்கவாதம் வந்த வரலாறோ உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. ஆகவே நீரிழிவு, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் தேவை. தலைவலி நாள், மாத்திரை எடுத்த நாள், பேட்ச் மாற்றிய நாள் என்று மூன்று பத்திகள் போதும். பேட்ச் மாற்றுவதற்கு முந்தைய மாலைகளில் மட்டும் வலி வருகிறதென்றால், அதைப் பார்த்ததுமே உங்கள் மருத்துவருக்கு விளங்கிவிடும்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) சென்று அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் பொது மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவுக்கும் நரம்பியல் பிரிவுக்கும் போனால் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். நீங்களாக நேரே போனால் அந்த மானியம் கிடைக்காது. காத்திருக்கும் காலத்தில் பேட்சைத் தொடங்கவும் இரத்தப் பரிசோதனைகளைச் செய்யவும் குடும்ப மருத்துவராலேயே முடியும்.

வேலையிடத்தில் மேலாளர் முகம் சுளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதங்களுக்கு மேல் வேலை செய்த ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள்கள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு சட்டப்படி உண்டு. பதிவுபெற்ற எந்த மருத்துவர் தரும் சான்றிதழும் செல்லும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிடுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டி நெறிமுறைகளின்படி, வீட்டிலிருந்து வேலை, நேர மாற்றம் போன்ற நீக்குப்போக்கான ஏற்பாடுகளை எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம்; நிறுவனம் இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் வலி மாத்திரைகளை நிறுத்தும் அந்த இரண்டு வாரங்களுக்காவது கேட்டுப் பாருங்கள்.

வலி எப்போது தீரும் என்று கேட்டிருக்கிறீர்கள். முற்றிலும் தீரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் உங்கள் தலைவலிக்கான மருந்து ஆகாது; அதைத் தூண்டிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தை அது அடக்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு மாதங்களில் 18 நாள்கள் என்பது பாதியாகக் குறைந்தால், சிகிச்சை நல்ல பலன் தந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஐம்பது வயதைத் தாண்டி ஹார்மோனை நிறுத்த முடிவெடுக்கும்போதும், இந்த முறை போல் ஒரே நாளில் நிறுத்தாமல், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

அண்ணன் மகளின் திருமணத்துக்குப் போய் வாருங்கள். பத்து வாரங்கள் இருப்பதால் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிட்டால், வலி மாத்திரைகளை நிறுத்தும் கடினமான நாள்கள் பயணத்துக்கு முன்பே முடிந்துவிடும். பேட்ச்களைக் கைப்பையில் வையுங்கள். திருச்சி வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். போகும் நாள்களுக்குத் தேவையானதைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவும், மருத்துவரின் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். முகூர்த்தம் முடியும்வரை சாப்பிடாமல் இருக்க வேண்டாம். விடியற்காலையிலேயே இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிடுங்கள். மல்லிகை வாசனை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தீர்கள். தலையில் பூ வைக்காமல் போனால் பேச்சு வருமே என்று தயங்கினால், வாசனையில்லாத கனகாம்பரம் வைத்துக்கொள்ளுங்கள்.